பிளாஸ்டர் 200: கிக் லேசாகிவிட்டது, கம்பிரஷன் 75தான் காட்டுகிறது. ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

பிஎம்_பிளாஸ்டர் (புக்கிட் மெர்தாஜாம்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது யமஹா பிளாஸ்டர் 200, நாலு சக்கர டூ-ஸ்ட்ரோக் ஏடிவி. கைமாறி வந்த பழைய வண்டி. சிம்பாங் அம்பாட் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன்.

கொஞ்ச நாளாகவே கிக் அடித்தால் கால் சும்மா கீழே போகிறது, முன்பிருந்த அந்த எதிர்ப்பு இல்லை. காலையில் சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். சூடான பிறகு நிறுத்தினால்தான் தொல்லை, எத்தனை உதை உதைத்தாலும் எழாது. மேட்டில் மூன்றாவது கியர் இழுக்கவே மாட்டேன் என்கிறது.

பக்கத்தில் ஒரு பட்டறையில் கம்பிரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டுவது) வைத்துப் பார்த்தார்கள், 75 பிஎஸ்ஐ. "ரிங் போச்சு, ரிங் மாத்தினா சரியாயிடும்" என்றார்கள். சிலிண்டர் பிளாக்கைத் திறந்து பார்க்காமலே பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம்) என்று எப்படி முடிவு செய்வது? பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

நிபோங்_தோட்டம் (நிபோங் திபால்)

தம்பி, முதலில் ரீட் வால்வை (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திரும்ப விடாத இதழ் வால்வு) பார். இதழ் ஓரத்தில் உடைந்திருந்தாலும் சரியாக மூடாமல் வாய் பிளந்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஸ்டார்ட் ஆகாது, இழுவையும் இருக்காது. என் வண்டியில் ரீட் மாற்றியதும் எல்லாம் திரும்பி வந்தது.

இல்லையென்றால் பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி கேஜ் வைத்துப் பார். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட். அவ்வளவுதான்.

பட்டர்வொர்த்_பட்டறை (பட்டர்வொர்த்)

ரிங்கையும் ரீடையும் பேசுவதற்கு முன்னால் அந்த 75 உண்மையா என்று பார்க்க வேண்டும். நான் பல வருடம் டூ-ஸ்ட்ரோக் பார்த்தவன். கேஜ் சொன்ன எண்ணை நம்பி நல்ல பிளாக்கைக் கழற்றிய கதை நிறைய உண்டு.

தம்பி, அவர்கள் வைத்த கேஜ் எது? நீளமான ரப்பர் குழாய் உள்ள, கார் பார்க்கும் கேஜா? காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் குட்டி வால்வு அதில் எங்கே இருக்கிறது? பிளக் ஓட்டையில் திருகும் முனையிலேயே இருந்தால் நல்லது. மேலே கேஜ் பக்கம் இருந்தால் அந்தக் குழாய் முழுவதும் எரியறையோடு சேர்ந்துவிடுகிறது. காருக்கு அது பெரிய விஷயம் இல்லை. நம் வண்டிக்குப் பெரிய விஷயம். பிளாஸ்டர் 195 சி.சி. ஒற்றை சிலிண்டர், பிஸ்டன் மேலே வந்த பிறகு மிஞ்சும் இடம் 20, 25 சி.சி.தான். உள்துவாரம் 4 மி.மீ., நீளம் 30 செ.மீ. உள்ள குழாய் ஏறக்குறைய 4 சி.சி. பிடிக்கும். ஆரோக்கியமான எஞ்சினே நோயாளி மாதிரி தெரியும்.

அந்தக் குட்டி வால்வு ஊசியைப் பழுதானதும் டயர் வால்வு ஊசியாக மாற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். டயர் ஊசியின் ஸ்பிரிங் கடினம், அதனாலும் எண் குறையும்.

இன்னொன்று. பிளாஸ்டருக்கு வருவது என்ஜிகே பி8இஎஸ் பிளக். 14 மி.மீ. மரை, 19 மி.மீ. நீளம். கேஜ் முனை அதைவிடக் குட்டையாக இருந்தால் மிச்ச மரைப் பள்ளமும் கணக்கில் சேரும். நீளமாக இருந்தால் பிஸ்டன் தலையில் இடிக்கும். முனையை உன் பிளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகு.

சோதனை செய்யும் முறை: எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கு. பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியோடு ஹெட்டில் படும்படி வைத்துக்கொள். தொப்பியை அந்தரத்தில் விட்டு உதைத்தால் சிடிஐக்கு (பிளக்குக்குப் பொறி தரும் மின்பெட்டிக்கு) ஆபத்து. கில் சுவிட்சை அணை. திராட்டிலை முழுக்கத் திறந்து பிடி, பாதி திறந்தால் எண் குறைவாக வரலாம். முள் இனி ஏறாது என்று தெரியும்வரை ஒரே சீராக உதை. முதல் உதையில் எவ்வளவு ஏறுகிறது, பிறகு எப்படி ஏறுகிறது என்பதையும் கவனி.

நல்ல ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள) பிளாஸ்டர் 110-லிருந்து 130 வரை காட்டும். 90-க்குக் கீழே என்றால் திறக்கத்தான் வேண்டும்.

ஜெலுத்தோங்_அக்கா (ஜெலுத்தோங்)

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஏடிவி ஓட்டுவதில்லை. அப்பாவும் நானும் யமஹா ஆர்எக்ஸ்ஸெட், 125ஸெட் மோட்டார்சைக்கிள் பிளாக்குகள் கட்டுகிறோம், டூ-ஸ்ட்ரோக் என்ற வகையில் எல்லாம் ஒரே குடும்பம்.

நிபோங் அண்ணே, ரீட் பற்றி ஒரு வார்த்தை. ரீட் கெட்டால் ஸ்டார்ட்டிங்கும் இழுவையும் போகும், அது முழு உண்மை. ஆனால் கேஜில் 75 வர ரீட் காரணமாகாது. ரீட் காற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது கிராங்க் அறையில். கேஜ் அளப்பது பிஸ்டன் மேலேறும்போது எக்சாஸ்ட் வாய் மூடிய பிறகு மாட்டிக்கொள்ளும் காற்றை. பிஸ்டன் கீழே இருக்கும்போது எக்சாஸ்ட் வாய் திறந்தே கிடக்கிறது, சிலிண்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தில்தான் இருக்கும். கேஜ் நல்ல எண் காட்டி வண்டி எழவில்லை என்றால் ரீடைத் தேடலாம். இங்கே நிலைமை வேறு.

பிஎம் தம்பி, முந்தைய உரிமையாளர் போர்ட்டிங் (சிலிண்டர் சுவரில் உள்ள வாய்களை வெட்டி மாற்றுவது) செய்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். எக்சாஸ்ட் வாயை மேலே உயர்த்தி வெட்டியிருந்தால் அது தாமதமாக மூடும். உதைத்துப் பார்க்கும்போது எண் குறைவாகத்தான் வரும், எஞ்சினில் குறையே இருக்காது. அடி கேஸ்கெட் இரண்டு போட்டிருந்தாலும் அப்படித்தான்.

பிஎம்_பிளாஸ்டர்

அண்ணே, அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அவர்கள் வைத்தது குழாய் கேஜ்தான். வேறு நண்பரிடம் முனையிலேயே வால்வு உள்ள கேஜ் வாங்கி, திராட்டில் முழுக்கத் திறந்து பார்த்தேன். 92 வந்தது. முந்தைய உரிமையாளரைக் கேட்டேன், போர்ட்டிங் எதுவும் செய்யவில்லையாம், பைப்கூட ஸ்டாக்தான்.

நிபோங் அண்ணன் சொன்ன எண்ணெய்ச் சோதனையும் செய்தேன். சிரிஞ்சில் 5 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் விட்டேன். 130-க்கு ஏறிவிட்டது! அப்படியானால் ரிங்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

நிபோங்_தோட்டம்

130 வந்துவிட்டது, பிறகென்ன. ரிங்தான்.

ஜெலுத்தோங்_அக்கா

தம்பி, ரிங்காக இருக்கலாம். ஆனால் இந்த 130 அதற்குச் சாட்சி ஆகாது. எரியறை 22 சி.சி. என்று வையுங்கள். அதில் 5 மில்லி எண்ணெய் உட்கார்ந்தால் மிச்சம் 17. எண்ணெய் அமுங்காது. அதே காற்று 22-க்குப் பதில் 17-க்குள் நெருக்கப்படுகிறது. ரிங் வழியே ஒரு துளி கசிவு குறையாவிட்டாலும் 92 என்பது 130-ஐ எட்டிவிடும். கார் எஞ்சினுக்கு எழுதப்பட்ட "ஒரு கரண்டி எண்ணெய்" கணக்கை 200 சி.சி. வண்டிக்குப் போட்டால் எல்லா எஞ்சினுக்கும் ரிங் போச்சு என்றுதான் விடை வரும்.

பழைய எண்ணெய் வெளியேறும்வரை பிளக் இல்லாமல் உதைத்துவிட்டு, 1 மில்லி மட்டும் சிலிண்டர் சுவரோரமாக விடுங்கள். மெதுவாகச் சில முறை உதைத்துப் பரவ விட்டு மறுபடி அளங்கள். 1 மில்லி பிடிக்கும் இடத்தால் 7, 8 பிஎஸ்ஐ ஏறலாம். அதற்கு மேல் ஏறுவதுதான் ரிங், போர் (சிலிண்டரின் உள்துளை) பக்கத்துச் செய்தி.

பான்ஷி_350 (பாயான் லெப்பாஸ்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் யமஹா பான்ஷியில் (தண்ணீரில் குளிரும் ஏடிவி) இரண்டு சிலிண்டர், ஒன்றில் 118, மற்றதில் 98. அதற்கும் இதே வழிதானா? ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தால் ஓடும்போது குமிழி வருகிறது.

பட்டர்வொர்த்_பட்டறை

பான்ஷி தம்பி, உன் கதை வேறு. இரட்டைச் சிலிண்டரில் இரண்டுக்கும் நடுவே பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். தண்ணீரில் குமிழியும் வந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட், ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார். ஹெட்டைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்தால் எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். அதுவரை வண்டியை ஓட்டாதே.

பிஎம் தம்பிக்கு வருகிறேன். பிளாஸ்டர் காற்றில் குளிர்வது, குமிழி பார்க்க வழியில்லை. ஹெட் சேரும் இடத்தைச் சுற்றியும் பிளக் அடியிலும் சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளக் மாட்டியபடியே ஒருவர் உதைக்க இன்னொருவர் பார்க்கட்டும். அங்கே கசிந்தால் நுரை கட்டும். பழைய கசிவாக இருந்தால் துடுப்பிடையில் கருப்பு எண்ணெய்க் கோடு ஏற்கெனவே இருக்கும்.

அப்புறம் பைப்பைக் கழற்றி, எக்சாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார். கிக்கைக் கையால் மெல்ல நகர்த்தினால் ரிங்கும் கண்ணில் படும். குச்சியால் ரிங்கை லேசாக அழுத்து. உள்ளே போய்த் திரும்பி வந்தால் உயிரோடு இருக்கிறது. அசையாமல் கரியில் ஒட்டியிருந்தால், தேய்மானமே இல்லாமல்கூட கம்பிரஷன் போகும். மட்டமான டூ-டி எண்ணெய் ஊற்றுகிற வண்டிகளில் இது சகஜம்.

ரீட் பெட்டியையும் கழற்று. அந்த வழியாகப் பார்த்தால் பிஸ்டனின் இன்டேக் பக்கப் பாவாடை (ரிங்குக்குக் கீழே உள்ள பக்கச் சுவர்) தெரியும். இந்த வழக்கில் எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் நீ ஓட்டுவது செம்மண்ணில்.

பிஎம்_பிளாஸ்டர்

எல்லாம் பார்த்தேன். 1 மில்லி எண்ணெயோடு 112. சோப்பு நுரை எங்கும் கட்டவில்லை. எக்சாஸ்ட் பக்கம் பிஸ்டனில் மெல்லிய கோடுகள் மட்டும், உலோகம் ஒட்டிய தடம் இல்லை. ரிங் அசைகிறது.

ரீட் வழியாகப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பாவாடையில் இருக்க வேண்டிய மெல்லிய கடைசல் வரிகள் காணோம். மேலிருந்து கீழ்வரை பளபளப்பே இல்லாமல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. ரீட் இதழ்கள் நன்றாகத்தான் மூடுகின்றன.

பட்டர்வொர்த்_பட்டறை

மண் குடித்திருக்கிறது. சூட்டில் பிடித்த பிஸ்டனுக்கும் மண் தின்ற பிஸ்டனுக்கும் தடம் வேறு. எண்ணெய் குறைந்தோ பெட்ரோல் கலவை மெலிந்தோ பிடித்திருந்தால் எக்சாஸ்ட் பக்கம் அலுமினியம் இழுபட்டு ஈஷியிருக்கும். சூடேறாத எஞ்சினை முறுக்கியிருந்தால் நாலு மூலையிலும் கீறல் நிற்கும். காற்றோடு வரும் மண் முதலில் மோதுவது இன்டேக் பாவாடையில், அது இப்படித்தான் மங்கும்.

இப்போது ஃபில்டர் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரைக் கழற்றி, உள்பக்கம் சுத்தமான விரலால் தடவு. விரலில் நறநறவென்று மண் வந்தால் ஃபில்டரைத் தாண்டி வருகிறது என்று அர்த்தம். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ரிங் போட்டால், புது ரிங்கும் அதே மண்ணைத்தான் தின்னப் போகிறது. உன்னிடம் "ரிங் மாத்தினா போதும்" என்று சொன்னபோது இந்த ரப்பரை யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

பிஎம்_பிளாஸ்டர்

யாரும் தொடவில்லை அண்ணே. விரலில் செம்மண் ஒட்டியது. ரப்பர் கார்புரேட்டரைக் கவ்வும் இடத்துக்கு அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு வெடிப்பு. கையால் வளைத்தால் வாய் திறக்கிறது. ஃபோம் ஃபில்டர் காய்ந்து போயிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

பிளாக்கைக் கழற்றி அளந்தும் பார்த்தோம். ஸ்டாண்டர்டு 66 மி.மீ. போர், இதுவரை ஓவர்சைஸ் போகவில்லை. மேலே ரிங் திரும்பும் இடத்தில் 66.14, கீழே 66.03. பழைய ரிங்கை மேலே வைத்து இடைவெளி பார்த்தால் 0.9 மி.மீ. போர் பரவாயில்லை, லேசாக ஹோன் செய்து (கல்லால் தேய்த்து) ரிங் போடலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள்.

ஜெலுத்தோங்_அக்கா

தம்பி, உங்கள் அளவுகளே பதில் சொல்லிவிடுகின்றன. ரிங் இடைவெளிக்குப் பொதுவான விதி, போர் 100 மி.மீ.க்கு 0.4 என்ற விகிதம். 66-க்கு 0.26 வரும். (கையேட்டு அளவு கையில் இருந்தால் அதுதான் கணக்கு.) போர் அகலும்போது சுற்றளவு 3.14 மடங்கு அகலும். 0.14 தேய்ந்த இடத்தில் புத்தம்புது ரிங்கை வைத்தாலும் இடைவெளி 0.26 உடன் 0.44 சேர்ந்து 0.70 ஆகிவிடும். அதே ரிங் கீழே வந்ததும் 0.35-க்குச் சுருங்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ரிங் விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தால் உட்காரவே உட்காராது. கொஞ்ச நாள் 105, 110 காட்டும், மறுபடி விழும்.

ஹோன் கல் சொரசொரப்பைத்தான் புதுப்பிக்கும், சாய்வைத் திருத்தாது. போரிங்தான் (உள்துளையைப் பெரிதாகக் கடைவதுதான்) வழி. பிளாஸ்டர் பிளாக்கில் உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கிறது, தாராளமாக போர் அடிக்கலாம்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், போரிங் கடைக்கு அதைக் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பி அடிக்கக்கூடாது. பாவாடையின் அடிப்பக்கம், பிஸ்டன் பின்னுக்குக் (pin) குறுக்கே மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்தப் பிஸ்டனுக்கு என்று சொல்லப்பட்ட இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். வார்ப்புப் பிஸ்டனுக்கு ஒரு இடைவெளி, ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு அதைவிடக் கூடுதல், அது சூட்டில் அதிகம் விரியும். 66.25-இல் சுத்தமாகிவிட்டால் நல்லது, கோடு மிஞ்சினால் 66.50. அடிப்பவர் பார்த்துச் சொல்லட்டும்.

நாலு-ஸ்ட்ரோக் காப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) பிளாக்காகவே அடித்துப் பழகிய கடை என்றால் ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: போர்ட் ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்துத் தர வேண்டும். நாலு-ஸ்ட்ரோக் பிளாக்கில் போர்ட் கிடையாது, அதனால் மறந்துவிடுவார்கள். கத்தி மாதிரி நிற்கும் ஓரத்தில் ரிங் மாட்டினால் அன்றைக்கே முடிந்தது கதை.

வந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் கல் துகள் குழிகளிலேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே எண்ணெய் தடவுங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் காலையில் கழுவியது மாலைக்குள் துரு பிடித்துவிடும்.

பட்டர்வொர்த்_பட்டறை

அக்கா பிளாக்கைப் பார்த்துக்கொண்டார், நான் அடியைச் சொல்கிறேன். பிஸ்டனைத் தின்ற மண் கிராங்க் அறை வழியாகத்தான் போயிருக்கிறது. கனெக்டிங் ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது. பிஸ்டன் பின் பேரிங்கையும் அதைப் பிடிக்கும் சர்கிளிப்பையும் புதிதாகவே போடு. பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்சாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய் இரண்டும் பள்ளத்தில் உள்ள ஊசியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளாக்கை இறக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் காற்றுச் சோதனை. இன்டேக், எக்சாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று விட்டு 6 நிமிடம் பார். அதற்கு மேல் ஏற்றாதே, சீல் பிதுங்கிவிடும். இறங்கினால் சோப்புத் தண்ணீர். மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும், புதுப் பிஸ்டன் சூட்டில் பிடிக்கும். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் எண்ணெய் உள்ளே போய்ப் புகை கக்கும்.

ஆட்டோலூப் பம்ப் (எண்ணெயைத் தானாகச் செலுத்தும் பம்ப்) இன்னும் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா?

பிஎம்_பிளாஸ்டர்

முந்தையவரே கழற்றிவிட்டார் அண்ணே, நான் பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறேன்.

66.25-இலேயே சுத்தமாக வந்துவிட்டது. போர்ட் ஓரம் பற்றிச் சொன்னேன், அவரே விரலால் தடவிக் காட்டித் தந்தார். ராடில் ஆட்டம் இல்லை. காற்றுச் சோதனையில் முள் 4-க்கு இறங்கியது, மேக்னெட் தட்டுக்குப் பின்னால் நுரை கட்டியது. சீல் மாற்றிய பிறகு நிற்கிறது. ரப்பரும் ஃபில்டரும் புதிது. அதே முனை வால்வு கேஜில் இப்போது 121.

கலவை 32-க்கு 1 போதுமா? ரன்னிங் (புதுப் பிஸ்டனைப் பழக்கும் ஓட்டம்) எப்படிச் செய்ய வேண்டும்?

பட்டர்வொர்த்_பட்டறை

32-க்கு 1 போதும், 5 லிட்டருக்கு 156 மில்லி. கண்ணளவில் ஊற்றாதே, அளவுக் குப்பி வை. முதலில் நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து, துடுப்பு நன்றாகச் சூடானதும் நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு முழுக்க ஆறவிடு. அப்படிச் சில முறை. முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கையேட்டில் உள்ள டார்க் அளவில் மறுபடி பார். பிறகு சமதரையில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டு, ஒரே வேகத்தில் நீளமாக இழுக்காதே. முதல் டாங்க் முடியும்வரை மேடு வேண்டாம்.

ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து மாட்டு. உட்காரும் விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவு. வறட்சி நாளில் தோட்டத்துக்குப் போய்வந்தால் ஒவ்வொரு முறையும் திறந்து பார்.

நிபோங்_தோட்டம்

அக்கா, 1 மில்லி கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டேன், நம் குழுவில் எல்லோரும் கரண்டியில்தான் ஊற்றுகிறார்கள். என் வண்டியில் இப்போது 104, இன்டேக் பாவாடையில் வரிகள் நன்றாகத் தெரிகின்றன. திறக்க வேண்டுமா?

ஜெலுத்தோங்_அக்கா

வரிகள் தெரிந்தால் இப்போது திறக்க வேண்டாம் அண்ணே. அதே கேஜ், அதே சூடு, முழுத் திராட்டில் வைத்து மாதம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். இறங்கிக்கொண்டே வந்து 95-ஐத் தொட்டால் பிளாக்கைக் கழற்றி அளவெடுங்கள். ஒன்று, பிஸ்டன் தலையில் கரி தடித்திருந்தால் அதுவும் இடத்தை அடைத்து எண்ணைத் தூக்கிக் காட்டும். அதனால் பிளக் ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் கரியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.